வேலூரில் மரம் நடுகிறவர்கள் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

வீடு கட்டிப் பெயின்ட் அடித்து முடிந்த பிறகுதான் பெரும்பாலானவர்களுக்கு மரத்தின் ஞாபகம் வருகிறது. சத்துவாச்சாரி, காட்பாடி, பாகாயம் பக்கம் லேண்ட்ஸ்கேப் வேலைக்கு என்னைக் கூப்பிடுகிறவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான். சீக்கிரம் வளரணும், இலை கொட்டக் கூடாது, பூ பூக்கணும், வேர் சுவருக்குள் போகக் கூடாது. நான் கேட்பது வேறு இரண்டு கேள்விகள். சித்திரை வைகாசியில் அந்த மரத்தில் இலை இருக்குமா? ஐப்பசி கார்த்திகையில் மண் ஊறிக் கிடக்கும்போது காற்றடித்தால் அது நிற்குமா? இந்த இரண்டிலும் தேறுகிற மரம்தான் நம் ஊருக்கு ஆகும்.

இந்தக் கேள்விகளை நான் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு நம் நாட்டை ஐந்து தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரிக்கிறது. தமிழ்நாட்டின் பெரும்பகுதி அதில் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த மண்டலத்தில் வருகிறது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு சென்னையிலும் கேரளத்திலும் நடுகிற அதே மரப்பட்டியலை இங்கேயும் கொண்டுவந்துவிடுகிறார்கள். ஆனால் வேலூர் கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது. மார்ச் முதல் ஜூன் வரை இங்கே அடிப்பது வறண்ட வெயில். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். சுற்றிலும் இருக்கிற பாறைக் குன்றுகள் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகு திருப்பித் தருகின்றன. மலையடிவாரத்துத் தெருக்களில் இரவு பத்து மணிக்கும் சுவரைத் தொட முடியாது. அப்புறம் ஆடி பிறந்ததும் நிலைமை மாறுகிறது. தென்மேற்கில் கொஞ்சம், வடகிழக்கில் கொஞ்சம் என்று ஆண்டுக்குச் சுமார் 900 முதல் 1000 மில்லிமீட்டர் மழையில் பெரும்பகுதி டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அப்போது இங்கேயும் புழுக்கம்தான். அதாவது ஒரே மரம் இரண்டு ஊர்களின் தட்பவெப்பத்தைத் தாங்க வேண்டும்.

புன்னையும் நாகலிங்கமும் எனக்கும் பிடித்த மரங்கள்தான். ஆனால் முதல் சில கோடைகளுக்குத் தவறாமல் தண்ணீர் விட முடியாதவர்களுக்கு நான் அவற்றைச் சொல்வதில்லை. கடலோர மணலின் ஈரத்தில் செழிக்கிற புன்னை, நம் செம்மண் மேட்டில் அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் இலை விளிம்பெல்லாம் கருகி நிற்கும்.

முதல் கேள்விக்கு வருகிறேன். குல்மோகரை எடுத்துக்கொள்ளுங்கள். மடகாஸ்கரிலிருந்து வந்த மரம். மே மாதத்தில் தெருவே சிவந்து கிடப்பது பார்க்க அழகு. ஆனால் மாசியிலேயே இலையைக் கொட்டிவிட்டு, வெயில் உச்சத்துக்கு வருகிற வாரங்களில் மொட்டைக் கிளையோடு நிற்கிறது. நமக்கு நிழல் தேவைப்படுகிற நேரத்தில் அதனிடம் நிழல் கிடையாது. சரக்கொன்றைக்கும் ஏறக்குறைய இதே கதைதான். அது நம் காட்டு மரம் என்பதாலும் சித்திரைப் பிறப்புக்குப் பூ தருகிறது என்பதாலும் வாசலோரம் ஒன்று வைக்கச் சொல்வேன். மேற்குச் சுவருக்கு நிழலாக அதை நம்ப வேண்டாம்.

புங்கை இதற்கு நேர்மாறு. அதுவும் இலை கொட்டுகிற மரம்தான். மாசிக் கடைசியில் மஞ்சளாகி உதிர்க்கும். ஆனால் பத்துப் பதினைந்து நாளில், இன்னும் ஒரு மழைகூடப் பெய்யாதபோதே, கிளை நுனியிலெல்லாம் தளிர் எடுக்கும். முதலில் மினுமினுப்பான இளம் செம்பு நிறம், அப்புறம் கிளிப்பச்சை, சித்திரை பிறக்கும்போது அடர்ந்த பச்சை. ஊரே காய்ந்து கிடக்கும்போது அது புதுத் துணி உடுத்தியதுபோல நிற்கும். ஆழத்தில் எங்கோ இருக்கிற ஈரத்தை ஆணிவேர் தேடிப் பிடித்திருப்பதால்தான் இது முடிகிறது. அவரைக் குடும்பத்து மரம் என்பதால் வேர் முடிச்சுகளில் தழைச்சத்தையும் சேர்த்துக்கொள்கிறது. புங்க இலையில் சின்னச் சின்னக் கொப்புளங்களைப் பார்த்துவிட்டு நோய் வந்துவிட்டதென்று பயந்து போன் செய்கிறவர்கள் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் செய்கிற வேலை. மரத்துக்கு அதனால் பெரிய கேடு ஒன்றும் இல்லை, மருந்தடிக்கத் தேவையில்லை.

வேம்பும் அப்படித்தான், பங்குனியில் கொழுந்து, சித்திரையில் பூ. சில ஆண்டுகளாக மழைக்கால முடிவில் வேப்ப மரங்களின் நுனிக் கிளைகள் கருகிப் பழுப்பாகித் தொங்குவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அது ஒரு பூஞ்சை நோய். அதைப் பார்த்துவிட்டு மரம் செத்துப்போனது என்று வெட்டிவிடாதீர்கள். பங்குனி வரை பொறுங்கள். பெரும்பாலான மரங்கள் மறுபடி தழைத்துவிடுகின்றன.

இரண்டாவது கேள்வி மழைக்காலத்தைப் பற்றியது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. சாய்ந்தவற்றில் குல்மோகரும் மஞ்சள் பூப் பூக்கிற பெருங்கொன்றையும் நிறைய. 2020 நவம்பரில் நிவர் புயல் புதுச்சேரிக்கு வடக்கே கரையேறி வலுவிழந்தபடி நம் பக்கம் வந்தது. உள்நாட்டில் இருக்கிறோம், புயல் நமக்கில்லை என்று இருந்தவர்களுக்கு அது ஒரு பாடம். வேர் மேலோட்டமாகப் படர்ந்து தலை மட்டும் அகலமாக விரிந்த மரம், ஊறிய மண்ணில் நிற்காது. மரமல்லி வாசனைக்காகவே வளர்க்கிறார்கள், கட்டை உடையக்கூடியது. கார் நிறுத்தும் இடத்துக்கு மேலே வேண்டாம். தூங்குமூஞ்சி மரத்தின் நிழலுக்கு ஈடில்லை, ஆனால் அதற்கு ஒரு பள்ளி மைதானம் அளவுக்கு இடம் வேண்டும். 30க்கு 40 மனையில் அதை நட்டுவிட்டு ஆண்டுதோறும் கிளையை அரக்கிக்கொண்டிருப்பது மரத்துக்கும் நல்லதல்ல, வீட்டுக்கும் நல்லதல்ல.

சீக்கிரம் வளரணும் என்கிற ஆசைதான் இப்போது அதிகம் கெடுக்கிறது. காந்தி நகரில் ஒரு வீட்டில் மகிழம் நட்டுக் கொடுத்திருந்தேன். அந்த வீட்டுப் பாட்டியம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னாப்பா, எதிர் வீட்டு மரம் மாடியத் தாண்டிப் போயிடுச்சு, இது இன்னும் இடுப்பளவுலயே நிக்குதே" என்பார். "அம்மா, இது இப்போ கீழே வளர்ந்துகிட்டு இருக்கு, கொஞ்சம் பொறுங்க" என்று சொல்வேன். எதிர் வீட்டில் இருந்தது கோனோகார்பஸ். அமெரிக்கக் கண்டத்தின் சதுப்புநிலக் கடற்கரைகளில் பிறந்த மரம். எந்த வெயிலிலும் பச்சையாக இருக்கும், மாதத்துக்கு மாதம் உயரும். அதன் வேர் தண்ணீர்க் குழாயையும் சாக்கடைக் குழாயையும் தேடிப் போகிறது. மகரந்தத்தால் ஒவ்வாமை வருகிறது என்ற புகாரும் உண்டு. குஜராத் அரசு 2023லேயே அதை நடக் கூடாது என்று தடை போட்டது, தமிழ்நாடும் பின்னர் அதே வழிக்கு வந்திருக்கிறது. இன்னும் சாலையோர நாற்றங்காலில் அதைக் கொடுக்கிறார்கள் என்றால் தயவுசெய்து வாங்காதீர்கள். மகிழம் மெதுவாகத்தான் வளரும். ஆனால் ஆண்டு முழுக்க இலையோடு இருக்கும், கட்டை கெட்டி, காற்றுக்கு அசையாது. சின்ன மனைக்கு அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து குறைவு.

நிழலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் காற்றை மறந்துவிடுவோம். ஆவணி புரட்டாசிப் புழுக்கத்தில் உடம்பு வியர்வையை உலர்த்த வழி காற்று ஒன்றுதான். மரமும் தன் பங்குக்கு ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். ஜன்னலுக்கு நேரே அடர்ந்த புதர்போல மரத்தை வளர்த்தால் நிழலும் கிடைத்து, மூச்சுமுட்டலும் சேர்ந்து கிடைக்கும். அடிமரம் ஜன்னலின் மேல்விளிம்பு வரை கிளை இல்லாமல் நேராகப் போய், அதற்கு மேல் குடை விரிய வேண்டும். அப்போது கூரைக்கும் மேற்குச் சுவருக்கும் நிழல் விழும், கீழே தென்மேற்குக் காற்று தடையில்லாமல் வீட்டுக்குள் நுழையும். நெட்டிலிங்கத்தை வரிசையாகச் சுவரோரம் நடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அது காற்றை மறைக்கும், நிழலோ ஒரு கோடு அளவுக்குத்தான் விழும். தெருத் தூசியைத் தடுக்க வேண்டுமானால் சரி.

எங்கள் பக்கத்துக்கென்று இன்னொரு சங்கடம் தண்ணீர். பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்டதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996லேயே தீர்ப்பு எழுதியது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீர் இன்றும் உப்புதான். அந்தத் தண்ணீரை ஊற்றி நாகலிங்கம் வளர்க்க நினைப்பது வீண் வேலை. புங்கையும் பூவரசும் உப்பை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். உவர் மண்ணுக்கு நீர்மருது நல்லது, ஆனால் அது ஆற்றோரத்து மரம். அதற்கு வளாகம், ஏரிக்கரை போன்ற பெரிய இடம் வேண்டும். பூவரசை நடும்போது ஒன்றைக் கவனியுங்கள். கிளையிலிருந்து போத்து வெட்டி நட்டால் சுலபமாகத் துளிர்க்கும். ஆனால் அப்படி வந்த மரத்துக்கு ஆணிவேர் இருக்காது. விதையிலிருந்து வந்த கன்றையே கேட்டு வாங்குங்கள்.

புது வீட்டு மண்ணில் உப்பைவிடத் தொல்லை கட்டட இடிபாடு. கொத்தனார் மிச்சம் வைத்த சிமெண்ட்டையும் சுண்ணாம்புக் காரையையும் மனையிலேயே மூடிவிட்டுப் போகிறார்கள். அங்கே நட்ட கன்றின் இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்தை வேரால் எடுக்க முடியவில்லை என்று பொருள். எத்தனை உரம் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. மூன்றடி நீள, அகல, ஆழத்துக்குக் குழி எடுத்து அந்தக் குப்பையை அள்ளி வெளியே போட்டுவிட்டு, நல்ல செம்மண்ணும் மட்கிய எருவும் போட வேண்டும். அடியில் சுக்காம்பாறை தட்டினால் கடப்பாரையால் உடைத்து வேருக்கு வழி விடுங்கள்.

கன்று வாங்கும்போது எல்லோரும் உயரத்தைப் பார்க்கிறார்கள். நான் பையைப் பிளந்து காட்டச் சொல்வேன். நாற்றங்காலில் நாள்பட்ட கன்றில், பையின் அடியில் வேர் வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஒரு வளையமே போட்டிருக்கும், விரலால் பிரித்தால் வராது. அதை அப்படியே நட்டால் மேலே பச்சையாக வளரும், ஆனால் வேர் அந்த வளையத்தைவிட்டு வெளியே போகாது. எட்டு பத்து ஆண்டு கழித்து ஒரு கார்த்திகை மழையில் மரம் அடியோடு சாயும்போது, குழியில் பார்த்தால் அதே வளையம் கை தடிமனுக்கு இருக்கும். ஆளுயரக் கன்றைவிட முழங்கால் உயரத்தில், வெள்ளை வேர் நுனி தெரிகிற இளங்கன்று மேல். சில ஆண்டில் அது பெரியதைத் தாண்டிவிடும்.

ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தன்று போட்டோவோடு கன்று நடுவது எல்லா நிறுவனங்களிலும் வழக்கமாகிவிட்டது. நம் ஊரில் அப்போது வெயில் இன்னும் தணிந்திருக்காது. ஆடிக்கு மேல் நடுங்கள், ஆவணி, புரட்டாசி இன்னும் நல்லது. இரண்டு மழையையும் குடித்து, அடுத்த பங்குனி வருவதற்குள் வேர் ஆறேழு மாத ஓட்டம் ஓடியிருக்கும்.

பெரிய மரம் என்றால் சுவரிலிருந்து பதினைந்து இருபதடி தள்ளுங்கள். சின்ன மனையில் அந்த இடம் இருக்காது. அங்கே மகிழம், வில்வம், நெல்லி, மந்தாரை, நம் குன்றுகளில் தானாகவே வளர்கிற சீத்தா, இவையே போதும். மின்கம்பிக்குக் கீழேயும் இவைதான். கம்பிக்கு அடியில் புங்கையை வைத்தால் மின்வாரிய ஆட்கள் ஒரு பக்கத்தை மட்டும் ஆண்டுதோறும் கழிப்பார்கள், எடை மறுபக்கம் சாய்ந்து, காற்றில் முதலில் விழுவது அந்த மரமாகத்தான் இருக்கும். வாசலில் பேவர் பிளாக் போடும்போது அடிமரத்தை ஒட்டிப் போட விடாதீர்கள். 2013ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கிற கான்கிரீட்டை எடுக்கச் சொன்னது. அந்த ஒரு மீட்டரை நாமே விட்டுவிட்டால் வேலை முடிந்தது.

கடைசியாக வெட்டு. முதல் இரண்டு ஆண்டு பக்கக் கிளைகளைத் தொட வேண்டாம், அடிமரம் பருக்க அவை தேவை. அதற்கப்புறம் ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால், கீழிருந்து இரண்டு மூன்று கிளைகளை மட்டும் எடுத்துக்கொண்டே வாருங்கள். மரத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மொட்டையாக்க வேண்டாம். உச்சியை மட்டும் யார் சொன்னாலும் வெட்டாதீர்கள். வெட்டிய இடத்தில் முளைக்கிற கொத்துக் கிளைகளுக்குப் பிடிப்பு இருக்காது, அடுத்த ஐப்பசிக் காற்றில் அவைதான் முறிந்து விழும்.