குழாய் சேர்ந்தது இரண்டு வாரத்தில், குடிநீர் வந்தது 53ஆம் நாளில்

2004இல் அடித்த புயலில், அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள ஆஷ்வில் நகரத்துக்கு மலையிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் இரண்டு பெரிய குழாய்களும் அறுந்துபோயின. மறுபடி அப்படி ஆகக் கூடாது என்று நகராட்சி 36 அங்குல மாற்றுக் குழாய் ஒன்றைப் போட்டு, 25 அடி ஆழத்தில் புதைத்தது. இருபது ஆண்டு கழித்து, 2024 செப்டம்பர் 27 அன்று ஹெலீன் புயல் வந்தது. தெற்கு அப்பலாச்சிய மலைகளில் 2,000 இடங்களுக்கு மேல் நிலம் சரிந்தது. நகரத்தின் தண்ணீரில் பெரும்பங்கைத் தரும் நார்த் ஃபோர்க் நீர்த்தேக்கத்துக்குக் கீழே பழைய குழாய்களோடு அந்த மாற்றுக் குழாயும் போய்விட்டது.

25 அடி ஆழம் ஏன் காப்பாற்றவில்லை? குழாயைப் பிடித்து நிறுத்துவதே சுற்றியுள்ள மண்தான். பெரும்பாலான பிரதான குழாய்களில் ஒன்றின் நுனி இன்னொன்றின் வாய்க்குள் செருகப்பட்டிருக்கும், நடுவில் ஒரு ரப்பர் வளையம். அந்த ஜாயின்ட் நீர்க்கசிவைத் தடுக்கும், இழுத்தால் கழன்றுவிடும். 36 அங்குலக் குழாயில் 100 மீட்டர் உயர நீரின் அழுத்தம் இருந்தால், அடைத்த முனையில் கிட்டத்தட்ட 66 டன் தள்ளுவிசை விழும். 90 டிகிரி வளைவில் அது 93 டன். வளைவுக்குப் பின்னால் வார்த்திருக்கும் கான்கிரீட் கட்டையும் அதற்குப் பின்னால் உள்ள கெட்டி மண்ணும்தான் இவ்வளவையும் தாங்குகின்றன. மண்ணையே வெள்ளம் வாரிக்கொண்டு போனால் ஆழத்துக்கு என்ன மதிப்பு?

அதனால் அவசரப் பழுதுபார்ப்பில் புது மண்ணை நம்ப முடியாது. நேற்றுக் கொட்டி இன்று அமுக்கிய மண், பல வருஷம் இறுகிய மண்ணுக்கு ஈடாகாது. ஜாயின்ட்டுகளைப் பூட்டும் வளையங்களாலோ வெல்டிங்காலோ பிணைத்து, பல குழாய்கள் ஒரே நீளமான துண்டுபோல இழுவையைத் தாங்கும்படி செய்கிறார்கள். ஆஷ்வில்லில் அதற்கும் முன்னால் வேறு வேலை இருந்தது: குழாய் கிடக்கும் இடத்துக்குப் போகும் சாலையே இல்லை. சாலை போட்டு, இயந்திரங்களை ஏற்றி, அக்டோபர் 10 வாக்கில் மாற்றுக் குழாயை இணைத்துவிட்டார்கள். அந்த நிலைமையில் இது அசுர வேகம்.

சரி, குழாய் சேர்ந்தாயிற்று, வால்வைத் திறந்துவிடலாமா? கூடாது. காலிக் குழாயில் நிறைந்திருப்பது காற்று. மேடான இடங்களில் உள்ள காற்று வால்வுகள் வழியே அது மெல்ல வெளியேற வேண்டும். தண்ணீர் விநாடிக்கு ஓர் அடிக்கு மேல் ஓடாதபடி நிரப்புவது வழக்கம். அவசரப்பட்டால் காற்று பொசுக்கென்று வெளியேறி, பின்னால் வரும் நீர் திடீரென்று முட்டி நிற்கும். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் நீர் இரும்புக் குழாயில் சட்டென நின்றால், 100 மீட்டர் நீருயரத்துக்குச் சமமான அழுத்தம் கூடுதலாக எழும். முந்தாநாள் சேர்த்த ஜாயின்ட் மறுபடி பிளக்க அது போதும். ஊரே தண்ணீருக்குக் காத்திருக்கும்போது வால்வைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திறந்து காத்திருக்கும் ஆளின் நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

உடைந்த குழாய்க்குள் சேறும் கழிவும் புகுந்திருக்கும் என்பதால் கிருமிநீக்கமும் உண்டு. புதிய குழாய்க்கான வழிமுறைகளில் ஒன்று, லிட்டருக்கு 25 மில்லிகிராம் குளோரின் கலந்த நீரை 24 மணி நேரம் நிறுத்தி வைப்பது. முடிவில் குறைந்தது 10 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும். அப்புறம் அலசிவிட்டு, மாதிரி எடுத்து, அசுத்தம் புகுந்ததைக் காட்டிக்கொடுக்கும் கோலிஃபார்ம் பாக்டீரியா வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். எத்தனை பேர் சேர்ந்தாலும் பாக்டீரியா சீக்கிரம் வளராது.

ஆஷ்வில்லை உண்மையில் கட்டிப்போட்டது நீர்த்தேக்கத்துக்குள் வந்து சேர்ந்த களிமண். காட்டுக்குள் இருக்கும் அந்த நீர் எப்போதும் தெளிவாக இருந்ததால், சுத்திகரிப்பு நிலையத்தில் வண்டலைப் படியவைக்கும் தொட்டியே கட்டவில்லை. நீர் நேராக வடிகட்டிக்குப் போகும். வடிகட்டிய குடிநீரின் கலங்கல் பெரும்பாலும் 0.3 அலகுக்குள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. அக்டோபர் நடுவில் நீர்த்தேக்கத்தில் அது 20ஐத் தாண்டியிருந்தது.

தானாகப் படியட்டும் என்று விட முடியாதா? ஒரு மைக்ரான் அளவுள்ள களிமண் துகள், அசையாத நீரில் ஒரு மீட்டர் இறங்கவே ஏறக்குறைய 13 நாள் ஆகும். அதைவிடச் சின்னது இன்னும் மெதுவாக இறங்கும். போதாததற்குத் துகள்கள் எல்லாம் ஒரே மாதிரி எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று விலக்கும். நம் வீடுகளில் கலங்கிய நீருக்குத் தேத்தாங்கொட்டையை உரைத்துவிடுவார்களே, அதே வேலையை அங்கே அலுமினியம் சல்பேட் செய்தது. அது துகள்களின் மின்னூட்டத்தைத் தணித்து, ஒன்றோடொன்று ஒட்டவைத்து, கனமான திரளாக்கி அடியில் இறக்கும். அது நீரைப் புளிப்பாக்கும் என்பதால் கூடவே காஸ்டிக் சோடாவும் கலந்தார்கள். நீர் எடுக்கும் வாயைச் சுற்றித் திரைகள் கட்டினார்கள்.

இதற்கிடையில் குளோரின் மட்டும் கலந்த கலங்கல் நீரையே அக்டோபர் நடுவிலிருந்து ஊருக்குள் விட்டார்கள். குடிக்க அல்ல, கழிவறைக்கும் தீயணைப்புக்கும். நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் வடிகட்டிய நீர் தயாரானதும், அந்தக் கலங்கலைக் குழாய்களிலிருந்து தள்ளி வெளியேற்றும் வேலையும் சேர்ந்துகொண்டது. கொதிக்கவைக்காமல் குடிக்கக் கூடாது என்ற அறிவிப்பை நவம்பர் 18 அன்றுதான் விலக்கிக்கொண்டார்கள்.