கசியும் தையல், அவசர மாத்திரை

ஓர் அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்றி மூன்றாவது வாரம். தழும்பின் கீழ் ஓரத்தில் மட்டும் லேசாக நீர் கசிந்திருக்கிறது. காய்ச்சல் இல்லை, பெரிய வலியும் இல்லை. அந்த அம்மா பக்கத்தில் இருந்த ஒரு மருத்துவரிடம் காட்டி, பத்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். கசிவு நின்றது, வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. நான்கு மாதம் கழித்து என்னிடம் வந்தபோது முழங்கால் வீங்கிச் சூடாக இருந்தது. தழும்பின் ஓரத்தில் ஒரு சிறு துளை, அதிலிருந்து சீழ். அந்தத் துளை மூட்டு வரைக்கும் போகிறது என்றால் செயற்கை மூட்டில் கிருமி குடியேறிவிட்டது என்பது உறுதி. வேறு சோதனை எதுவும் அதை மாற்றிச் சொல்ல முடியாது.

மூட்டு மாற்று சிகிச்சை செய்துகொள்ளும் 100 பேரில் ஒருவர் அல்லது இருவருக்குத்தான் இப்படித் தொற்று வருகிறது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், புகைப்பவர்கள், அதிக உடல் எடை உள்ளவர்கள், முடக்குவாதத்துக்கு ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் வந்தவருக்கு அது ஓராண்டு வாழ்க்கையையே எடுத்துக்கொள்கிறது.

மாத்திரை ஏன் போதவில்லை? எலும்பிலும் தசையிலும் ரத்தம் ஓடுகிறது, மருந்து அதன் வழியே போய்ச் சேரும். உலோகத்தில் ரத்த ஓட்டம் கிடையாது. அங்கே ஒட்டிக்கொண்ட கிருமிகள் தங்களைச் சுற்றி வழுவழுப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொள்கின்றன. தண்ணீர்த் தொட்டியின் சுவரில் படியும் பாசி மாதிரி. தண்ணீரை மாற்றினாலும் பாசி போகாது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். இந்தப் படலம் சில நாட்களிலேயே உருவாகத் தொடங்கி, வாரங்கள் போகப்போகக் கெட்டிப்படுகிறது. மாத்திரை வெளியில் அலைகிற கிருமிகளைக் கொல்லும். வீக்கம் வடியும், கசிவு நிற்கும். படலத்துக்குள் இருப்பவை அப்படியே இருக்கும்.

அதனால்தான் நாங்கள் நாட்களை எண்ணுகிறோம். அறுவை சிகிச்சை முடிந்து ஏறக்குறைய நான்கு வாரத்துக்குள், அல்லது வெகுநாள் நன்றாக இருந்த மூட்டு திடீரென்று வீங்கி மூன்று வாரத்துக்குள் வந்துவிட்டால், மூட்டைக் காப்பாற்றிப் பார்க்கலாம். மறுபடி திறந்து, கெட்டுப்போன திசுவை முழுக்க வெட்டி எடுத்து, லிட்டர் கணக்கில் திரவம் விட்டுக் கழுவி, உலோகத்துக்கு நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் பாகத்தைப் புதிதாக மாற்றுவோம். அதை மாற்றினால்தான் அதன் பின்பக்கம் வரை கை எட்டும். இதுவும் எல்லோருக்கும் பலிப்பதில்லை, ஆனால் முயன்று பார்க்கத் தகுந்த வாய்ப்பு.

தாமதமானால் மூட்டையே எடுக்க வேண்டியதுதான். எல்லா பாகங்களையும், அவற்றை எலும்போடு ஒட்டிய சிமெண்டையும் அகற்றி, சுத்தம் செய்து, ஒரே அமர்வில் புது மூட்டை வைக்கும் முறை உண்டு. கிருமி எது, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று முன்பே தெரிந்து, சுற்றியுள்ள எலும்பும் தோலும் நன்றாக இருப்பவர்களுக்கு அது பொருந்தும். மற்றவர்களுக்கு இரண்டு கட்டம். முதலில் மூட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஜென்டாமைசின், வான்கோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் மருந்துகள் கலந்த சிமெண்டில் செய்த தற்காலிக மூட்டை வைப்போம். இதற்கு ஸ்பேசர் என்று பெயர். ஊசி, மாத்திரை மூலம் உள்ளே போகும் மருந்து எட்டாத அளவுக்கு, அந்த இடத்திலேயே மருந்து கசிந்துகொண்டிருக்கும். சிமெண்டில் மருந்தைக் கலக்கும் வழியை 1970 வாக்கில் ஜெர்மனியின் அறுவை மருத்துவர் புக்ஹோல்ட்ஸ் காட்டினார். தொற்று பிடித்த முழங்காலுக்கு இரண்டு கட்ட சிகிச்சையை 1983-இல் அமெரிக்காவில் அறுவை மருத்துவர் இன்சால் குழுவினர் வெளியிட்டார்கள்.

இந்த இரண்டு கட்டங்களுக்கு நடுவே இருக்கும் காலத்தைப் பற்றி நோயாளிகளிடம் நாங்கள் போதுமான அளவு பேசுவதில்லை என்று நினைக்கிறேன். வழக்கமாக ஆறு வாரம் ஆன்டிபயாட்டிக், அதன்பின் ரத்தப் பரிசோதனை, காத்திருப்பு. வாக்கர் பிடித்துத்தான் நடை. கழிவறைக்குப் போகக்கூட ஒருவர் துணை வேண்டும். மருந்து வயிற்றைப் புரட்டும், தூக்கம் போகும். அந்த அம்மா ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, காலை எடுத்துட மாட்டீங்களே?" என்று கேட்டார். இரண்டு மாதமாக மனதில் வைத்திருந்த கேள்வி அது. முதல் நாளே நானே பேசியிருக்க வேண்டும். காலை எடுக்கும் நிலை மிக அரிது. மறுபடி மறுபடி தொற்று வந்தால் முழங்காலை மடங்காமல் இணைத்துவிடுவது, அறுவை சிகிச்சையைத் தாங்க முடியாதவருக்கு நீண்டகாலம் மாத்திரையால் அடக்கி வைப்பது என்று அதற்கு முன்னால் வேறு வழிகள் இருக்கின்றன.

சரி, என்ன செய்ய வேண்டும்? தையலில் ஈரம் நிற்கவில்லையா, மூட்டு மாற்றியவரிடமே உடனே போங்கள். மூட்டிலிருந்து ஊசியால் நீர் எடுத்துச் சோதிக்கும் முன் ஆன்டிபயாட்டிக்கைத் தொடாதீர்கள். கடும் காய்ச்சல், நடுக்கம் என்று உயிருக்கு ஆபத்தான நிலை மட்டும் இதற்கு விதிவிலக்கு, அப்போது ஒரு மணி நேரம்கூடத் தள்ளக் கூடாது. மற்றபடி, பாதி மருந்து உள்ளே போயிருந்தால் கிருமி சோதனைத் தட்டில் வளராமல் போகலாம். வளராவிட்டால் எதைக் கொடுப்பது என்று எங்களுக்குத் தெரியாது. சில கிருமிகள் வளர 14 நாள் வரை ஆகும், அதுவரை பொறுக்க வேண்டியிருக்கும். பத்து வருடம் கழித்தும் சொத்தைப் பல், காலில் ஆறாத புண், சிறுநீர்த் தொற்று இவற்றிலிருந்து ரத்தம் வழியே கிருமி மூட்டுக்கு வரலாம். அப்போதும் இதே அவசரம்தான்.

அந்த அம்மாவுக்குப் புது மூட்டு வைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. வீட்டுக்குள் கோல் இல்லாமல் நடக்கிறார். முட்டி தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடங்கவில்லை, தரையில் உட்கார முடியாது. ரத்தப் பரிசோதனை இதுவரை சுத்தமாக இருக்கிறது. அடுத்தது ஆறு மாதம் கழித்து.