சொல் விளக்கம்: அடர்த்தி

இலங்கையின் புல்மோட்டைக் கடற்கரையின் கறுப்பு மண்ணை ஒரு வாளி அள்ளித் தூக்கிப் பாருங்கள். பிறகு அதே வாளியில் நிலாவெளி மணலை நிரப்பித் தூக்குங்கள். வித்தியாசம் தோளில் தெரியும். கறுப்பு மண்ணில் இல்மனைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் இரும்பும் தைத்தேனியமும் இருக்கின்றன, அதனால் பாரம் என்பார்கள். சரிதான். ஆனால் வாளி ஒன்றே என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே இடத்துக்குள் எவ்வளவு பொருள் நெருங்கிக் கிடக்கிறது என்பதுதான் டென்சிட்டி, தமிழில் அடர்த்தி.

டென்சிட்டிக்கு மூலம் லத்தீனின் ‘டென்சுஸ்’. நெருக்கமான, தடித்த என்று பொருள். நம்முடைய ‘அடர்’ என்பதும் அதுவேதான்: அடர்ந்த காடு, அடர்ந்த தாடி. (பழந்தமிழில் பொன் தகட்டுக்கும் அடர் என்று பெயர் உண்டு, அது இங்கே வேண்டாம்.)

சிக்கல் சூத்திரத்தில்தான். நம் இலங்கைப் பாடநூலில் திணிவை, அதாவது பொருளின் அளவை, கனவளவால், அதாவது அது பிடிக்கும் இடத்தால், வகுத்தால் அடர்த்தி. அதையே தமிழ்நாட்டில் நிறையைப் பருமனால் வகுப்பது என்பார்கள். நமக்கு நிறை என்றால் புவி இழுக்கும் விசை, அலகு நியூட்டன். அவர்கள் அதை எடை என்கிறார்கள். தமிழ்நாட்டு யூடியூப் பாடத்தைப் பார்க்கும் திருகோணமலைப் பிள்ளை தடுமாறாமல் என்ன செய்யும்?

என் ஓட்டு திணிவுக்கே. புறநானூற்றின் 2ஆம் பாட்டே ‘மண் திணிந்த நிலனும்’ என்றுதான் தொடங்குகிறது. திணித்தது எவ்வளவு என்றால் திணிவு. எவ்வளவு நெருக்கமாக என்றால் அடர்த்தி.

அப்புறம், இதை எப்படி அளக்கிறார்கள்? வாளியை நிறுத்தால் போதாது. மணிகளுக்கு இடையில் காற்று இருக்கிறதே. அதற்குத்தான் ஆய்வுகூடத்தில் அடர்த்திப் போத்தல். மூடியில் மெல்லிய துளையுள்ள சின்னக் கண்ணாடிப் போத்தல் அது. 4 தரம் நிறுக்க வேண்டும்: வெறும் போத்தல், உள்ளே கொஞ்சம் மண் போட்டு, அதன்மேல் நீர் நிரப்பி, கடைசியாக நீர் மட்டும் நிரப்பி. மண் இடம்பிடித்ததால் உள்ளே போக முடியாத நீர் எவ்வளவு என்று கழித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்த நீரின் கனவளவே மண்ணின் கனவளவு. மண்ணுக்குள் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் விடை குறைந்து வரும். அதனால் நன்றாகக் குலுக்கிப் போக்கிவிட வேண்டும். சாதாரண மணலின் குவார்ட்சுக்குக் கன சென்ரிமீற்றருக்கு 2.65 கிராம் வரும், இல்மனைட்டுக்கு ஏறத்தாழ 4.7. இந்தப் போத்தலுக்கு ஆய்வாளர் வைத்த பெயர் பிக்னோமீட்டர். ‘பிக்னோஸ்’ கிரேக்கத்தில் நெருக்கமான என்பதே. அங்கேயும் அதே படம்!

ஒரு பொருளின் அடர்த்தி நீரின் அடர்த்தியைப்போல் எத்தனை மடங்கு என்பது சாரடர்த்தி. விகிதம் என்பதால் அலகு கிடையாது. இல்மனைட்டுக்கு வெறும் 4.7. இதன் பழைய பெயர் தன்னீர்ப்பு. தன் + ஈர்ப்பு என்று பிரிக்க வேண்டியதை, நீரோடு ஒப்பிடும் கணக்கு என்பதாலோ என்னவோ, ‘தண்ணீர்ப்பு’ என்று எழுதிவைப்பவர்கள் உண்டு.