தோட்டா வேறு, குண்டு வேறு

பயணியின் பையில் "மூன்று துப்பாக்கிக் குண்டுகள்" பறிமுதல் என்று விமான நிலையச் செய்தி ஒன்று மறுபடியும் கண்ணில் பட்டது. கூடவே போட்டிருந்த படத்தில் இருந்தவை மூன்று தோட்டாக்கள். பித்தளை உறை, முனையில் ஈயம், அடியில் இன்னும் ஊசி படாத கேப்பு (ஊசி அடித்ததும் மருந்தைப் பற்றவைக்கிற சின்ன மூடி), எல்லாம் முழுசாக இருந்தன. படம் ஒன்றைச் சொல்கிறது, தலைப்பு வேறொன்றைச் சொல்கிறது. வருஷக்கணக்கில் இதைப் படித்துப் படித்துப் பொறுமை போய்விட்டது. அதனால் இந்தச் சொல்லைப் பற்றி எழுதிவிடுகிறேன்.

துப்பாக்கிக்குள் போடுகிற முழுப் பொருள்தான் தோட்டா. உறை, கேப்பு, வெடிமருந்து, குண்டு நான்கும் சேர்ந்தது அது. சுடும்போது குழலை விட்டு வெளியே பறப்பது மட்டும் குண்டு. உறை துப்பாக்கியிலேயே நிற்கும், அல்லது பக்கத்தில் தெறித்து விழும். ஆள் மேல் பாய்வது குண்டு. பெட்டியில் வைத்துப் பூட்டுவது தோட்டா. இவ்வளவுதான் விஷயம்.

என் தாய்மாமாவிடம் உரிமம் பெற்ற இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. 12 போர்; போர் என்றால் ஆங்கிலத்தில் குழலின் உள்ளளவு. தோட்டத்துக்குக் காட்டுப்பன்றி வரும் என்று அவருடைய அப்பா காலத்தில் வாங்கியது. நான் சின்னப் பையனாக இருந்தபோது பழைய தோட்டா ஒன்றை என் காதருகே ஆட்டிக் காட்டுவார். கடுகு டப்பாவை மெதுவாக ஆட்டினால் வருமே, அந்தச் சத்தம் வரும். வாயை மூடியிருந்த வட்ட அட்டையில் 6 என்று அச்சடித்திருக்கும். ஆறாம் எண் ரவை என்று அர்த்தம். அந்த ஒரே தோட்டாவுக்குள் 200க்கு மேல் சின்னச் சின்ன ஈயக் குண்டுகள். எல்.ஜி. என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய பெரிய குண்டுகள். பன்றிக்கு எது, கொக்குக்கு எது என்று அந்த அட்டையைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

தேர்தல் அறிவித்துவிட்டால் உரிமத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒருமுறை ரசீதில் "குண்டு 10" என்று எழுதிக் கொடுத்தார்கள். மாமா அதை வாங்கிக்கொள்ளவில்லை. "தோட்டானு எழுதுங்க சார். நாளைக்குத் திருப்பி வாங்க வரும்போது பத்து ஈய உருண்டையைக் கையில குடுத்தா நான் யாருகிட்ட போய்ச் சொல்றது?" என்றார். எழுதியவர் முகம் சுளித்துக்கொண்டே அடித்துத் திருத்தினார். மாமா சொன்னதில் நியாயம் இருந்தது. உரிமத்தில் இரண்டு எண்கள் உண்டு: ஒரே சமயத்தில் எத்தனை வைத்திருக்கலாம், ஓராண்டில் எத்தனை வாங்கலாம். இரண்டிலும் எண்ணப்படுவது தோட்டா. குண்டு என்று எழுதி அதை எண்ணவும் ஆரம்பித்தால், ஆறாம் எண் தோட்டா பத்து வைத்திருப்பவர் இரண்டாயிரம் குண்டுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.

சொல் எங்கிருந்து வந்தது என்றால், இந்துஸ்தானியில் டோட்டா. தெலுங்கில் தூட்டா. மலையாளத்தில் தோட்ட என்றால் மீன் பிடிக்க ஆற்றில் போடுகிற வெடி. நம் ஊர்களிலும் ஆற்றில் தோட்டா போட்டார்கள், கல்குவாரியில் தோட்டா வைத்தார்கள் என்றுதான் பேச்சு. எல்லா இடத்திலும் பொருள் ஒன்றுதான், மருந்து அடைத்த சின்ன உருளை. ஆங்கிலத்தில் தோட்டாவைக் கார்ட்ரிட்ஜ் என்பார்கள்; அதற்கு வேர் காகிதம். பிரெஞ்சின் கார்ட்டூஷ், அதற்கு முன் இத்தாலியில் காகிதச் சுருள், அதற்கும் முன் லத்தீனில் கார்ட்டா. அந்தக் காலத்தில் மருந்தையும் குண்டையும் காகிதத்தில் சுருட்டித்தான் வைத்திருந்தார்கள்.

நமக்கெல்லாம் அந்தக் காகிதத் தோட்டா பள்ளிக்கூடத்திலேயே பழக்கம். 1857, என்ஃபீல்டு துப்பாக்கி, கொழுப்பு தடவிய தோட்டா. சிப்பாய் அந்தக் காகிதத்தின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, பிறகு குண்டை உள்ளே தள்ள வேண்டும். அந்தக் கொழுப்பைப் பற்றிய அச்சத்தால்தான் மீரட்டில் ஏப்ரல் 24 அன்று 85 குதிரைப்படைச் சிப்பாய்கள் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். இந்த இடத்தில் தோட்டாவை எடுத்துவிட்டுக் குண்டு என்று எழுதிப் பாருங்கள். சிப்பாய் ஏன் ஈயத்தைக் கடிக்க வேண்டும்? கதையே புரியாது. நம் பாடநூல்களில் இத்தனை வருஷமும் தோட்டா என்றே சரியாக எழுதிவந்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

குண்டு என்று எழுதுகிறவர்கள் கவனக்குறைவால் எழுதுகிறார்கள். எடுத்துச் சொன்னால் திருத்திக்கொள்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம், தெரிந்தே தோட்டாவைத் தள்ளிவிட்டு "வெடிபொதி" என்று எழுதுகிறவர்கள் மேல். தோட்டா தமிழ் வேர் இல்லையாம், அதனால் கூடாதாம். சரி, துப்பாக்கியை என்ன செய்வது? அதுவும் துருக்கிய மொழியிலிருந்து வந்ததுதான். துப்பாக்கி குறளிலேயே இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். "துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி" என்பதில் இருப்பது துப்பு ஆக்கி, அதாவது உணவை உண்டாக்கி. மழையைப் பற்றிய குறள் அது. அந்தக் குறளை வைத்துச் சுடுகிற துப்பாக்கிக்கு வேர் தேடுவது வள்ளுவருக்குச் செய்கிற நியாயம் இல்லை.

வேர் எதுவாகவும் இருக்கட்டும், வெடிபொதி பொருளையாவது சரியாகச் சொல்கிறதா என்று பார்த்தால் அதுவும் இல்லை. பொதி என்றால் நமக்குக் கழுதை முதுகில் ஏற்றுகிற மூட்டை. வெடிபொதி என்று கேட்டவுடன் பார்சலில் வைத்த வெடிகுண்டுதான் நினைவுக்கு வருகிறது. விரல் நீள உருளை யாருக்கும் தோன்றாது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெடிபொருள் என்ற சொல் ஏற்கெனவே வேறு சட்டத்தில் இடம் பிடித்திருக்கிறது. 1908ஆம் ஆண்டின் வெடிபொருள்கள் சட்டம் வேறு, தோட்டாவுக்குப் பொருந்தும் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வேறு. தண்டனையும் வேறு. பையின் அடியில் மறந்துபோன ஒற்றைத் தோட்டாவோடு பிடிபட்டவர், அது அங்கே இருப்பது தனக்குத் தெரியாது என்று காட்ட முடிந்தால் வழக்கிலிருந்து தப்பலாம். தெரிந்து வைத்திருந்தாரா என்பதைத்தான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. அப்படிப்பட்டவரைப் பற்றி "வெடிபொதியுடன் சிக்கினார்" என்று எழுதினால், படிக்கிறவர் அவரைக் குண்டு வைக்க வந்தவர் என்றுதான் நினைப்பார். தனித்தமிழுக்காக ஒரு மனுஷன் மேல் அந்தப் பழியைப் போடலாமா?

வெடியுறை என்று சொல்வோரும் உண்டு. உறை என்பது நான்கில் ஒரு பாகம். முழுதுக்கு அதன் பேரை வைத்தால் அந்தப் பாகத்துக்கு எங்கே போவது? பொதியுறை என்ற சொல்லை அச்சு இயந்திரத்து மைப்பெட்டிக்குக் கொடுத்தாகிவிட்டது. தோட்டாவோ வேற்றுமை உருபு ஏற்கிறது, பன்மை ஏற்கிறது, தோட்டாப்பெட்டி என்று கூட்டுச்சொல் தருகிறது, டீக்கடையில் சொன்னாலும் புரிகிறது. ஒரு சொல்லிடம் இதற்கு மேல் என்ன கேட்பது? இலங்கைத் தமிழர் இதே பொருளுக்கு ரவை என்கிறார்கள். அதுவும் ஊரில் வழங்குகிற சொல்தான், அவர்களுக்குள் குழப்பம் இல்லை. இங்கே ரவை என்றால் தோட்டாவுக்குள் இருக்கிற பொடிக் குண்டு; பால்ரஸ் என்றும் சொல்வோம்.

மொழிபெயர்ப்பாளர்கள் உண்மையிலேயே ஆபத்தாகத் தப்பு செய்வது வேறு இடத்தில். "வெற்றுத் தோட்டா" என்று இரண்டு பொருள்களுக்கும் ஒரே பேரை வைக்கிறார்கள். ஒன்று, சுட்டு முடிந்து காலியான உறை. அதைக் குழந்தை கையில் கொடுத்தாலும் ஒன்றும் ஆகாது. நாங்கள் அதன் வாயில் ஊதி விசில் அடித்திருக்கிறோம். இன்னொன்று, குண்டு மட்டும் இல்லாமல் மருந்தும் கேப்பும் அப்படியே இருக்கிற தோட்டா. சினிமாவிலும் மரியாதை வேட்டிலும் சுடுவது அது. அது கிட்டத்தில் ஆளையே கொல்லும். 1984இல் ஜான் எரிக் ஹெக்ஸம் என்ற அமெரிக்க நடிகர் படப்பிடிப்பு இடைவேளையில் அப்படிப்பட்ட தோட்டா போட்ட ரிவால்வரை விளையாட்டாகத் தன் நெற்றிப்பொட்டில் வைத்துச் சுட்டார். குண்டே இல்லாமல், அந்த வெடிப்பின் வேகமே மண்டையோட்டை உடைத்து உயிரைக் குடித்தது. இந்த இரண்டுக்கும் ஒரே பேர் வைப்பது எவ்வளவு பெரிய தப்பு.

காலியானதற்குக் கோது என்று எழுதலாம். புளியங்கோது தெரியாத தமிழர் உண்டா? சாரம் போய்த் தோல் மட்டும் நிற்பது கோது. இலங்கையில் ரவைக்கோது என்றே எழுதுகிறார்கள், அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மற்றதைக் குண்டில்லாத் தோட்டா என்றால் போதும். "உயிருள்ள தோட்டா" என்று ஆங்கிலத்தைப் பார்த்து எழுதுவதையும் விட்டுவிட்டுச் சுடாத தோட்டா என்று எழுதலாம்.

கடைசியாக இன்னொன்று. துப்பாக்கி உரிமத்தில் பெரிய பிரிவு ஒன்று உண்டு. படையும் போலீசும் பயன்படுத்துகிற .303, 9 மி.மீ. போன்ற அளவுகள் பொதுமக்களுக்குத் தடை. மத்திய அரசு தனியே அனுமதித்தால்தான் உண்டு. அதனால்தான் .303க்குப் பதிலாக .315 என்று வேறு அளவில் ரைஃபிள் செய்து விற்றார்கள். தடை இல்லாத அளவுகளுக்கு மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ உரிமம் தருவார்கள். இதைத் தமிழில் "தடைசெய்யப்பட்ட போர் ஆயுதம்" என்று எழுதியதைப் படித்தேன். போரில் தடைசெய்த ஏதோ விஷ வாயு என்று நினைத்துப் பாதிவரை படித்த பிறகுதான், அது குழலின் உள்ளளவு என்று விளங்கியது. பேச்சில் 12 போர் என்று சொல்வதில் தப்பில்லை, கடைக்காரர் முதல் கலெக்டர் அலுவலகம் வரை அதுதான் வழக்கு. எழுத்தில் தனியாக நிற்கும்போது குழலளவு என்று எழுதுங்கள். தடைசெய்த குழலளவு, தடையில்லாக் குழலளவு.