கொரியான்னா நாடு இல்லீங்க, டான்ஸ்

மெடிக்கல் ரிப்போர்ட்ல 'கொரியா'ன்னு பாத்தா குழம்பிடாதீங்க, தமிழ்ல எழுதினா நாட்டு பேரும் இதுவும் ஒண்ணா வந்து தொலையுது. இது கிரேக்க சொல், அர்த்தம் டான்ஸ். கோரஸ், கொரியோகிராபி எல்லாம் இதுக்கு சொந்தக்காரங்கதான்.

கை, கால், முகம் நம்மள கேக்காமலே அசையற நிலைக்குத்தான் இந்த பேர். நடுக்கம்னா அதுல ஒரு தாளமாவது இருக்கும், இதுல அதுவும் இல்ல, இப்ப விரல், அடுத்த செகண்ட் தோள், அப்புறம் புருவம்னு அசைவு எங்க தாவும்னே சொல்ல முடியாது. தாளமே இல்லாததுக்கு டான்ஸ்னு பேரா? என்னை கேட்டா பொருந்தாத பேர்தான்.

பேர் வந்த வழியும் குழப்பம்தான். 1518-ல, இப்ப பிரான்ஸ்ல இருக்கற ஸ்ட்ராஸ்பர்க் ஊர்ல ஜனங்க தெருவுல நாள்கணக்கா ஆடினாங்க, புனித வைட்டஸ் சன்னிதிக்கு கூட்டிட்டு போனா சரியாகும்னு நம்பினாங்க. அந்த 'வைட்டஸ் ஆட்டம்', அதாவது 'வைட்டஸ் கொரியா'ங்கற பேரையே 1686-ல தாமஸ் சிடனம்ங்கற இங்கிலாந்து டாக்டர் குழந்தைங்களுக்கு வர்ற வேற ஒரு நோய்க்கு வச்சுட்டார். அது தொண்டையில ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொத்தி சில வாரமோ மாசமோ கழிச்சு வர்றது, கிருமிய அடிக்க உடம்பு தயார் பண்ண ஆன்டிபாடி ஆள் மாறி மூளையவே தாக்கிடுது. பெரும்பாலும் சில மாசத்துல சரியாயிடும்.

ஜார்ஜ் ஹண்டிங்டன்ங்கற அமெரிக்க டாக்டர் 1872-ல எழுதின கொரியா அப்படி இல்ல, பரம்பரையா வர்றது, இப்ப அவர் பேர்லயே ஹண்டிங்டன் நோய்னு சொல்றாங்க. அப்ப அவருக்கு வயசு 22, அப்பாவும் தாத்தாவும் டாக்டர்ங்கறதால தலைமுறை தலைமுறையா ஒரே குடும்பங்கள்ல அது வர்றத அவரால பாக்க முடிஞ்சுது. அதுக்கான ஜீன 1993-லதான் கண்டுபிடிச்சாங்க.

சரி, உள்ள என்னதான் நடக்குது? மூளைக்கு ஆழத்துல பேசல் கேங்லியான்னு ஒரு பகுதி இருக்கு, நாம கைய நீட்டணும்னு நினைக்கும்போது அந்த ஒரு அசைவ மட்டும் விட்டுட்டு மத்ததுக்கெல்லாம் பிரேக் போடறது இதோட வேலை. ஹண்டிங்டன் நோய்ல அந்த பிரேக் போடற செல்கள்தான் முதல்ல சாகுது, அதனால வேண்டாத அசைவெல்லாம் கசிஞ்சு வெளிய வருது. உடம்பு இறுகி அசைவு மெதுவாகற பார்க்கின்சன் நோய்ல நேர் எதிர், பிரேக் இறுகிப் போயிடும்.

கொரியாவான்னு சோதிக்க டாக்டர் தன்னோட ரெண்டு விரல நீட்டி இறுக்கி புடிங்கன்னு சொல்வார், பிடி இறுகி தளர்ந்து இறுகி தளர்ந்து பால் கறக்கற மாதிரியே இருக்கும். நாக்க நீட்ட சொன்னா பத்து செகண்ட் வெளிய நிக்காது, சுருக்குன்னு உள்ள போயிடும். இன்னொண்ணு, கை திடீர்னு மேல பறந்தா சிலபேர் அத அப்படியே தலைய கோதற மாதிரி முடிச்சு சமாளிச்சுடுவாங்க, பக்கத்துல இருக்கறவங்களுக்கு 'என்ன இவர், சும்மா சும்மா தலைய கோதிக்கறார்'னுதான் தோணும்.