பழைய காரை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றும் முன்

ஆஸ்திரேலியாவில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், எந்த வடிவில் இருந்தாலும் அதை இறக்குமதி செய்ய 2003 டிசம்பர் 31 முதல் தடை உள்ளது. இத்தனை சதவீதம் வரை இருக்கலாம் என்ற சலுகை கிடையாது. வண்டி அரை நூற்றாண்டுப் பழையது என்பதும், சொந்த உபயோகத்துக்கே வருகிறது என்பதும் விலக்குப் பெறப் போதாது. சுங்க முகவர் என்ற முறையில் நான் காண்பது, வாகன இறக்குமதி அனுமதி கைக்கு வந்ததுமே பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள் என்பதுதான். அந்த அனுமதி வேறு. துறைமுகத்தில் ஆஸ்திரேலிய எல்லைப் படை கேட்கும், கல்நார் இல்லை என்பதற்கான ஆதாரம் வேறு.

பிரேக் லைனிங், கிளட்ச் பிளேட் இரண்டும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். எக்ஸாஸ்ட் கேஸ்கெட், பானெட்டின் உட்புற வெப்பத்தடுப்பு, அடிப்பாகத்தில் பூசிய தார்ப்பூச்சு ஆகியவையே விட்டுப்போகும். அக்காலத்து ஹெட் கேஸ்கெட்டுகள் பலவற்றில் இரு மெல்லிய செப்புத் தகடுகளுக்கு நடுவே சாம்பல் நிற அட்டை போன்ற ஓர் அடுக்கு இருக்கும், அதுவே கல்நார். அதற்காக என்ஜினைப் பிரிக்க யாரும் விரும்புவதில்லை என்பதால், கடைசியாகப் பிரித்துக் கட்டியபோது எந்தக் கேஸ்கெட் போடப்பட்டது என்பதற்கான ரசீது பெரிதும் உதவும்.

டிக்கியில் வைத்து அனுப்பும், பெட்டி பிரிக்காத பழைய உதிரிபாகங்கள் சேகரிப்பாளருக்குப் பொக்கிஷம், எனக்குத் தலைவலி. பெட்டியின் மேல் 'ஆஸ்பெஸ்டாஸ் அற்றது' என்று அச்சிட்டிருப்பதை நம்பிவிட முடியாது, ஏனெனில் சிறிதளவு கலந்திருந்தாலும் அப்படிக் குறிப்பிட அனுமதிக்கும் நாடுகள் உண்டு. அமெரிக்காவிலேயே வெள்ளைக் கல்நாருக்கான தடை விதி 2024இல்தான் வெளிவந்தது.

ஆகவே, ஐயத்துக்குரிய பாகங்களை வண்டி இருக்கும் நாட்டிலேயே மாற்றி, படங்களையும் ரசீதுகளையும் வாங்கிவிட வேண்டும். அல்லது ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் வழங்கும் ஆஸ்திரேலிய அமைப்பான நாட்டாவின் (NATA) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திலோ அதற்கு இணையாக ஏற்கப்படும் வெளிநாட்டு ஆய்வகத்திலோ மாதிரிகளைச் சோதிக்க வேண்டும். எந்தப் பாகத்திலிருந்து மாதிரி எடுக்கப்பட்டது என்பதும் சேசிஸ் எண்ணும் இல்லாத அறிக்கையால் பயனில்லை. ஆதாரம் போதாவிட்டால் வண்டி துறைமுகத்தில் நிற்கும். சோதனைச் செலவும் கிடங்கு வாடகையும் உங்கள் தலையில்தான் விழும்.

லைனிங்கை மாற்றினால் மட்டும் டிரம் சுத்தமாகிவிடாது. உள்ளே படிந்த தூளிலும் நார் இருக்கக்கூடும். அதைக் காற்றடித்து ஊதுவது மெக்கானிக்கின் நுரையீரலுக்குள் அனுப்புவதற்குச் சமம். அதனால் வரும் புற்றுநோய் தெரியவே பல பத்தாண்டுகள் ஆகும். பாதுகாப்பு முகக்கவசத்துடன், ஈரப்படுத்தித் துடைக்க வேண்டும் என்பதை வேலை ஒப்படைக்கும்போதே எழுத்தில் கொடுத்து, துடைத்த டிரம்மின் படத்தையும் கேட்டு வாங்குங்கள்.