மிச்சம் பிடித்தால் கூடும் பற்றாக்குறை

2023 நவம்பரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை ஒரு மசோதாவை நிறைவேற்றியது. இஸ்ரேலுக்கு 1,430 கோடி டாலர் உதவி. அதற்கு ஈடாக, மத்திய வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்கு ஒதுக்கியிருந்த பணத்தில் அதே 1,430 கோடி வெட்டு. செலவும் சேமிப்பும் சரிக்குச் சரி என்றுதான் தோன்றும். ஆனால் நாடாளுமன்றத்துக்குக் கணக்குப் போட்டுத் தரும், கட்சி சார்பற்ற பட்ஜெட் அலுவலகம் வேறு விடை சொன்னது. அந்த வெட்டால் பத்தாண்டில் வரி வரவு 2,680 கோடி டாலர் குறையும். அதாவது, சேமிப்பு என்று சொல்லப்பட்ட வெட்டே பற்றாக்குறையை 1,250 கோடி கூட்டிவிடும்! மசோதா செனட்டைத் தாண்டவில்லை.

இது எப்படி? வரவேண்டிய வரி எங்கே நழுவுகிறது என்று பார்த்தால் புரியும். 2022ஆம் வரி ஆண்டில் சட்டப்படி வரவேண்டியதற்கும் உரிய காலத்தில் தானாக வந்ததற்கும் இடையே 69,600 கோடி டாலர் இடைவெளி என்பது ஐஆர்எஸ்ஸின் மதிப்பீடு. மாதச் சம்பளக்காரர் இதில் பெரிய குற்றவாளி இல்லை. நம் ஊர் டிடிஎஸ் போல அங்கேயும் முதலாளியே வரியைப் பிடித்துக் கட்டிவிடுகிறார், விவரமும் துறைக்குப் போய்விடுகிறது. அதனால் சம்பள வருமானத்தில் மறைக்கப்படுவது சுமார் 1 சதவீதம்தான். யாரும் தகவல் தராத சொந்தத் தொழில், பண்ணை, வாடகை போன்ற வருமானங்களிலோ அது சுமார் 55 சதவீதம். இங்கே கணினி பொருத்திப் பார்க்க எதுவும் இல்லை. ஆள் உட்கார்ந்து கணக்கைப் புரட்ட வேண்டும்.

அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுப்பது லாபமா? 2023இல் வெளியான ஓர் ஆய்வில் பொருளியலாளர்கள் தணிக்கைப் பதிவுகளை அலசினார்கள். வருமானத்தில் மேல் 10 சதவீதத்தில் இருப்பவர்களைத் தணிக்கை செய்யச் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் 12 டாலருக்கு மேல் திரும்பி வருகிறது. கீழ்ப்பாதியில் இருப்பவர்களிடம் சுமார் 5. மாட்டிய அன்று வசூலாகும் தொகை இதில் சிறு பங்குதான். ஒருமுறை நோட்டீஸ் வந்து போனவர் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒழுங்காகக் கட்டுகிறாரே, அந்தப் பயத்தால் வரும் வரி முதல் வசூலைப் போலச் சுமார் மூன்று மடங்கு. எந்த ரசீதிலும் 'பயத்தால் வந்தது' என்று எழுதியிருக்காது என்பதால் அரசியல் மேடைகளில் இதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

2010 முதல் 2018 வரை ஐஆர்எஸ்ஸின் ஒதுக்கீடு, விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், 20 சதவீதம் சுருங்கியது. அமலாக்கப் பணியாளர் 30 சதவீதம் குறைந்தார்கள். தனிநபர் தணிக்கை விகிதம் கிட்டத்தட்ட பாதியானது. கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது என்பார்களே, அந்தக் கதைதான். 2022 ஆகஸ்டில் பைடன் அரசு பத்தாண்டுக்குச் சுமார் 8,000 கோடி டாலர் கூடுதலாகக் கொடுத்தது. அதில் பாதிக்கு மேல் அமலாக்கத்துக்கு.

பணம் கொடுத்தவுடன் வரி கொட்டாது. புதிதாகச் சேர்ந்தவர் சிக்கலான கூட்டு நிறுவனக் கணக்கைப் படிக்கப் பழக ஆண்டுகள் ஆகும். அவருக்குச் சொல்லிக்கொடுக்க அனுபவசாலிகள் தங்கள் கோப்புகளை ஓரம் வைக்க வேண்டியிருப்பதால், தொடக்கத்தில் வசூல் சற்றுத் தளரவும் கூடும். மறுபுறம், எல்லாமே அதே வேகத்தில் கூடிக்கொண்டும் போகாது. எளிதான கோப்புகளை முதலில் எடுப்பார்கள். மறைப்பவர்களும் புது வழி கண்டுபிடிப்பார்கள்.

வெட்டுக்கும் இதே போல நேர்கோட்டு விகிதம் கிடையாது. 2024 பிப்ரவரியில் பட்ஜெட் அலுவலகம் போட்ட கணக்கில், 500 கோடி வெட்டினால் வரவு 520 கோடி குறையும். பற்றாக்குறை வெறும் 20 கோடிதான் ஏறும். 2,000 கோடி வெட்டினால் வரவு இழப்பு 4,400 கோடி. 3,500 கோடி வெட்டினால் 8,900 கோடி. பற்றாக்குறை 5,400 கோடி ஏறும். காரணம் லேசானது. 2022இல் கொடுத்த கூடுதல் பணம் ஒரே பானையில் இருக்கிறது, அதைப் பல ஆண்டு எடுத்துச் செலவழிக்கிறார்கள். சிறிய வெட்டு கடைசி ஆண்டுகளை மட்டும் தொடும்; பெரிய வெட்டு பானையைச் சீக்கிரமே காலி செய்துவிடும்.

வரித் தணிக்கையைச் சர்வரோக நிவாரணியாக விற்பவர்களையும் நான் நம்புவதில்லை. 2024 நிதியாண்டில் மட்டும் அமெரிக்கப் பற்றாக்குறை சுமார் 1.8 லட்சம் கோடி டாலர். வரி வசூலைத் தீவிரமாக்கிப் பத்தாண்டில் கிடைக்கும் நிகர லாபம் அதில் ஒரு சிறு பங்கு. நேர்மையாகக் கட்டியவரையும் தணிக்கை அலைக்கழிக்கும் என்பதும் உண்மை. சிறு வியாபாரிகளின் அச்சத்தைக் கேலி செய்ய முடியாது.

ஆனால் 2025இல் நடந்ததைப் பாருங்கள். ஆண்டின் தொடக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் இருந்த ஐஆர்எஸ் ஊழியர்களில் சுமார் கால்வாசிப் பேர் சில மாதங்களிலேயே வெளியேறினார்கள். சிக்கலான கணக்குகளைத் தணிக்கை செய்யும் அதிகாரிகளில் இழப்பு 31 சதவீதம். அவர்களுடைய சம்பளம் அந்த ஆண்டுக் கணக்கிலேயே சேமிப்பாக ஏறிவிடும். வராமல் போன வரியோ எந்தக் கணக்கிலும் தனியாகத் தெரியாது.